நல்ல ஓரம்

நாகைப் பக்கம், ஆறு கடலில் கலக்கும் ஓர் ஊரில் நீலாயதாட்சி என்ற பெண் ஃபைபர் படகுகளைப் பழுது பார்த்து வந்தார். சுனாமிக்குப் பிறகு படகுப் பட்டறைகள் வந்த காலத்தில் கூலிக்குப் போய்க் கற்றுக்கொண்ட வேலை. இப்போது சொந்தமாகக் கொட்டகை போட்டிருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் நீலா மேஸ்திரி.

மேஸ்திரி அதிகம் பேச மாட்டார். பேசினாலும் படகைப் பற்றித்தான் பேசுவார். ஆனாலும் மனசு சரியில்லாதவர்கள் வந்து அந்தக் கொட்டகையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

அவரிடம் சீடராகச் சேர்ந்த ஏகாம்பரம் அவரைவிட மூத்தவர், ஐம்பதைத் தாண்டியவர். பிள்ளைப் பருவத்திலிருந்து கடலுக்குப் போனவர். வலது கால் முழங்காலில் மடங்காமல் போன பிறகு, ஆடுகிற படகில் அவரால் நிற்க முடியவில்லை. கரையில் நிற்கிற படகிலாவது நிற்போம் என்று இந்த வேலைக்கு வந்தார்.

மேஸ்திரி அவரை "அண்ணே" என்று கூப்பிடுவார். அவருக்கு மேஸ்திரி எப்போதும் மேஸ்திரிதான்.

ஒரு நாள் காலையில் ஒரு படகை டிராக்டரில் கட்டி இழுத்து வந்து கொட்டகைக்குள் ஏற்றினார்கள். ஏகாம்பரம் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

அது மாசிலாமணியின் படகு.

மாசிலாமணியும் ஏகாம்பரமும் சேர்ந்து தொழில் செய்தவர்கள். கடலில் ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டவர்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு, மார்கழிப் பனி மூடிய ஒரு காலையில் இந்தப் படகில்தான் இரண்டு பேரும் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஏகாம்பரம் படகின் விளிம்பில் உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். படகை ஓட்டிய மாசிலாமணி நின்றபடியே தூங்கிவிட்டார். படகு முகத்துவாரத்துக் கல்லில் மோதியது. கல்லுக்கும் படகுக்கும் நடுவில் ஏகாம்பரம் விழுந்தார். அலை படகை இன்னொரு முறை கொண்டுவந்து இடித்தது.

மாசிலாமணிதான் குதித்து அவரைத் தூக்கினார். தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ வரைக்கும் ஓடினார். ஆனால் ஏகாம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு ஒரு நாளும் வந்து பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

படகோடு மாசிலாமணியின் மனைவி வேதவல்லி வந்திருந்தாள்.

"நல்லா இருக்கீங்களாண்ணே?"

"இருக்கேன்" என்றார் ஏகாம்பரம்.

அவள் மேஸ்திரியிடம் திரும்பினாள். "ஓட்டுறவங்க நிக்கிற இடம் பொதுபொதுன்னு அமுங்குது மேஸ்திரி. அடியில எப்பவும் தண்ணி. டீசல் கேனெல்லாம் தண்ணியில நிக்குது. நேத்து பையன் அழுத்திக் கால் வச்சானாம், உள்ள போயிடும்போல இருந்துச்சுங்கிறான்."

"இப்ப பையன்தான் ஓட்டுறானா?"

"ஆமா. அவரு அந்த இடத்துல நிக்கிறதே இல்ல. வலை மட்டும் இழுப்பாரு."

"அவரு வரலையா?"

வேதவல்லி ரோட்டுப் பக்கம் பார்த்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஐஸ் கம்பெனி. அதன் குட்டைச் சுவர் மேல் மாசிலாமணி உட்கார்ந்திருந்தார். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

வேதவல்லி போன பிறகு ஏகாம்பரம் சொன்னார்: "இந்தப் படகை நான் தொட மாட்டேன் மேஸ்திரி."

"சரிண்ணே. நான் பாத்துக்கிறேன். அந்தச் சுத்தியல மட்டும் எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தார். மேஸ்திரி படகில் ஏறினார். பின்பக்கம், ஓட்டுபவர் நிற்பதற்குக் குழிவாக ஒரு தளம் இருந்தது. மேலும் கீழும் ஃபைபர், நடுவில் பிளைவுட் வைத்த தளம். மேஸ்திரி அங்கே குனிந்து சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீரென்று கேட்டது. கெட்ட இடத்தில் ஈர மணலில் அடித்தது மாதிரி கேட்டது.

ஏகாம்பரம் கீழே வேறு வேலை பார்ப்பதுபோல நின்றார். காது மட்டும் மேலே இருந்தது.

"அந்த மூலைய விட்டுட்டீங்களே."

மேஸ்திரி மூலையைத் தட்டினார்.

"அங்க இல்ல மேஸ்திரி. இடது பக்கம். இன்னும் கொஞ்சம்."

கொஞ்ச நேரத்தில் ஏகாம்பரமே மடங்காத காலை இழுத்துக்கொண்டு ஏறிவிட்டார். மேஸ்திரி சுத்தியலை அவரிடம் கொடுத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்துக்கொண்டார். இவர் தட்டத் தட்ட அவர் கோடு போட்டார். முறம் அளவில் ஆரம்பித்த கோடு, முடியும்போது ஓர் ஆள் படுக்கிற பாய் அளவுக்குப் போயிருந்தது.

"இவ்வளவையும் பிரிக்கணுமா?" என்றார் ஏகாம்பரம். "மேல ரெண்டு அடுக்கு ஃபைபர் மேட் ஒட்டி மூடிட்டா புதுசு மாதிரி இருக்கும்."

"இருக்கும்."

"ஒரு வருஷம் ஓடும்."

"ஓடும். பிஞ்சு போற அன்னிக்கு அந்த இடத்துல யாரு நிப்பாண்ணே?"

மாசிலாமணியின் மகனை, சின்னப் பிள்ளையாக இருந்தபோது, தேர் பார்க்கத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் ஏகாம்பரம்.

"பிரிச்சிடுவோம்" என்றார்.

"அதுக்கு முன்னாடி தண்ணி எது வழியா வருதுன்னு பாக்கணும்."

"எங்க அழுகிருக்கோ அது வழியாத்தான்."

"பாப்போம்."

தண்ணீர் வடிகிற ஓட்டையைத் துணி வைத்து அடைத்தார்கள். மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள் தூளைக் கரைத்துக் குழியில் ஊற்றினார். ஏகாம்பரம் தளத்துக்கு அடியில் இருக்கும் பொந்தைத் துடைத்து ஒரு வெள்ளை வேட்டியை விரித்தார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார்கள். வேட்டி வெள்ளையாகவே இருந்தது.

"தளம் ஒழுகல" என்றார் மேஸ்திரி.

குழியின் இடது பக்கம், படகின் விளிம்பை ஒட்டிய திட்டில் ஒரு பைப் கைப்பிடி பொருத்தியிருந்தது. மேஸ்திரி ஒரு குவளை மஞ்சள் தண்ணீரை எடுத்து அதன் போல்ட்டுகளைச் சுற்றி ஊற்றினார்.

"வந்துடுச்சு" என்று ஏகாம்பரம் கீழேயிருந்து குரல் கொடுத்தார். வேட்டியின் ஓரத்தில் மஞ்சள் பரவிக்கொண்டிருந்தது.

அவர் மேலே வந்து கைப்பிடியைப் பார்த்தார். திட்டின் அந்த இடம் அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் எப்போதும் உட்காரும் இடம்.

"நான் போனப்பல்லாம் இது இல்லையே."

மத்தியானம் வேதவல்லி வந்தபோது மேஸ்திரி அதைப் பற்றிக் கேட்டார்.

"அதுவா? அண்ணன் ஆஸ்பத்திரியில இருந்தப்ப போட்டது. பட்டறையில பைப்பை வளைச்சு வாங்கிட்டு வந்து அவரே துளை போட்டாரு. பையன் கூடமாட நிக்கிறேன்னான், விடல. இனிமே இந்த இடத்துலேருந்து யாரும் விழக்கூடாதுன்னாரு."

அவள் போன பிறகு ஏகாம்பரம் ஸ்பானர் போட்டுப் போல்ட்டுகளைக் கழற்றினார். துருத் தண்ணீர் ஒழுகியது. ரப்பர் வளையம் இல்லை, மக்குப் பூச்சு இல்லை. துளைக்குள் ஒன்றுமே வைக்காமல் மாட்டியிருந்தது. பெய்த மழையும் அடித்த அலையும் அந்தத் துளைகள் வழியாகவே இறங்கி, உள்ளுக்குள்ளேயே ஓடி, தளத்து மரத்தில் தங்கியிருந்தன.

"ஒரு பூச்சு வைக்கத் தெரியல பாருங்க அவனுக்கு."

"மனசு வச்சுப் போட்டிருக்காரு" என்றார் மேஸ்திரி. "பூச்சு வைக்காமப் போட்டிருக்காரு."

ஏகாம்பரம் நிமிர்ந்தார். "அதுக்காக அவன் பண்ணினது இல்லேன்னு ஆயிடுமா?"

"ஆகாதுண்ணே."

அவர் வேறு ஏதோ பதிலை எதிர்பார்த்திருந்தார். ஸ்பானரைத் துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் தளத்தின் மேல் ஃபைபரை அறுத்து உரித்தார்கள். உள்ளே பிளைவுட் கறுத்துக் கூழாகிக் கிடந்தது. அழுகிய வைக்கோல் நாற்றம். ஏகாம்பரம் கையாலேயே அள்ளி வெளியே போட்டார். பிறகு உளியை எடுத்தார். கொத்திக் கொத்திச் சாக்பீஸ் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "அண்ணே. இது நல்ல மரம்."

"கறுத்திருக்கு மேஸ்திரி. எல்லாமே போச்சு. மொத்தத்தையும் பேத்து எறிஞ்சிடணும்."

மேஸ்திரி ஓர் ஆணியை எடுத்து நீட்டினார். "குத்திப் பாருங்க."

ஏகாம்பரம் ஓங்கிக் குத்தினார். ஆணி இறங்கவில்லை. இன்னோர் இடத்தில் குத்தினார். அங்கேயும் இறங்கவில்லை.

"ஈரம்தான்" என்றார் மேஸ்திரி. "வெயில் பட்டா காஞ்சிடும்."

சில நாட்கள் படகை வெயிலில் போட்டார்கள். சாயங்காலம் பனி இறங்கும் முன் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். காலையில் எடுத்துவிடுவார்கள். அந்த நாட்களிலெல்லாம் மாசிலாமணி ஐஸ் கம்பெனிச் சுவருக்கு வந்துகொண்டிருந்தார். வந்து உட்காருவார். பீடி பிடிப்பார். வெயில் ஏறியதும் எழுந்து போய்விடுவார். ஏகாம்பரம் ரோட்டுக்கு முதுகு காட்டி வேலை செய்யப் பழகிக்கொண்டார்.

மரம் காய்ந்ததும் புதுப் பிளைவுட்டை அளந்து அறுத்தார். எல்லாப் பக்கமும் ரெசின் பசை பூசிக் காயவைத்து உள்ளே பொருத்தினார். மயிரிழைகூடத் தெரியாமல் உட்கார்ந்தது. அவருக்கே திருப்தியாக இருந்தது.

"அவ்வளவுதானே மேஸ்திரி? இனி மேல மேட் ஒட்டிட்டா வேலை முடிஞ்சுது."

மேஸ்திரி கிரைண்டரை எடுத்தார். புதுத் துண்டைச் சுற்றிப் பழைய ஃபைபர் வழுவழுப்பாக, திடமாக இருந்தது. அதில் கிரைண்டரை வைத்தார். ஒரு சாண் அகலத்துக்குச் சரிவாகச் சீவிக்கொண்டே போனார். கனமாக இருந்த ஃபைபர் ஓரத்தில் காகிதம் மாதிரி மெலிந்தது. வெள்ளைத் தூசி பறந்தது.

"மேஸ்திரி! அது நல்ல பக்கம்!"

"ஆமா."

"கெட்டதெல்லாம் எடுத்தாச்சே. நல்லா இருக்கிறதை எதுக்குத் தேய்க்கிறீங்க?"

மேஸ்திரி கிரைண்டரை நிறுத்தினார். கொட்டகை மூலையில் கிடந்த கழிவுக் குவியலைக் கிளறி இரண்டு ஃபைபர் பலகைகளைக் கொண்டுவந்தார். இரண்டும் ஒட்டுப் போட்டவை.

"ஒடிங்க" என்று ஒன்றைக் கொடுத்தார்.

ஏகாம்பரம் முட்டியில் வைத்து அமுக்கினார். பழசும் புதுசும் சேரும் கோட்டில் படக்கென்று இரண்டாகப் போனது. அந்த இடத்தில் பழைய பலகையின் ஓரம் வெட்டியது வெட்டியபடி நேராக, முழுக் கனத்தோடு இருந்தது.

"இதை ஒடிங்க."

இரண்டாவது வளைந்தது. ஒடியவில்லை. எழுந்து நின்று, ஒரு முனையைச் சுவரில் சாய்த்து, நல்ல காலால் மிதித்தார். ஒடியவில்லை. பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். பழசு எங்கே முடிகிறது, புதுசு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒன்று மெலிந்து மெலிந்து இன்னொன்றுக்கு அடியில் போயிருந்தது.

அவர் அந்தப் பலகையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"தப்புப் பண்ணின பக்கம் தேயட்டும் மேஸ்திரி. அது நியாயம். தப்பே பண்ணாத பக்கம் எதுக்குத் தேயணும்?"

மேஸ்திரி ரோட்டுப் பக்கம் பார்க்கவில்லை. ஏகாம்பரத்தின் முகத்தைத்தான் பார்த்தார்.

"தேயணும்னு ஒண்ணும் இல்லண்ணே. ஒட்டணுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்."

ஏகாம்பரம் பாதி தேய்ந்த ஓரத்தைப் பார்த்தார். தூசி இறங்கி அவர் கைகளில் படிந்தது. பிறகு பலகையைக் கீழே வைத்துவிட்டு, கிரைண்டருக்காகக் கையை நீட்டினார்.

அன்று முழுவதும் அவரே தேய்த்தார். கை அரித்தது. கண் எரிந்தது. மடங்காத காலை நீட்டி வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் முடித்து, நகர்ந்து, அடுத்த பக்கம் தேய்த்தார். அழுகியதைத் தோண்டி எடுத்ததைவிட நல்ல ஓரத்தைத் தேய்க்க அதிக நேரம் ஆயிற்று.

மறுநாள் காலை மேட் ஒட்டும் வேலை. கண்ணாடி இழையில் செய்த பெரிய பாய் அது. ரெசினில் நனைந்ததும் கனத்துத் தொங்கும். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து விரித்தால்தான் சுருக்கமில்லாமல் விழும்.

"நான் ரெசின் கலக்கிக்கிட்டே இருக்கணும்" என்றார் மேஸ்திரி. "இன்னொரு ஆள் வேணும். கூப்பிடுங்க."

"யாரைக் கூப்பிடுறது?"

மேஸ்திரி ரெசின் வாளியில் அதை இறுக வைக்கும் ஹார்டனரை ஊற்றிக் கலக்கினார். "ஊத்தியாச்சுண்ணே. சீக்கிரம். இறுகிடும்."

ஏகாம்பரம் கொட்டகை வாசலுக்கு வந்தார். ரோட்டில் யாரும் இல்லை. ஐஸ் கம்பெனிச் சுவரில் ஒரே ஓர் ஆள். அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"மாசி!"

சுவரில் இருந்தவர் திரும்பவில்லை. தன்னைத்தான் கூப்பிட்டது என்று அவர் நம்பவில்லை போலிருந்தது.

"டேய் மாசி! இங்க வாடா, ஆள் வேணும்!"

மாசிலாமணி ஓடி வந்தார். ஒரு செருப்பு நடுரோட்டில் கழன்று விழுந்தது. எடுக்காமல் வந்தார். கொட்டகை வாசலில் தயங்கி நின்றார்.

"நிக்காத. ஏறு. அந்த முனையப் பிடி."

"எப்படிப் பிடிக்கணும்?"

"வலை பிடிக்கிற மாதிரிதான். இழுக்காத. தொய்யவும் விடாத."

இரண்டு பேரும் ஈரமான பாயை விரித்துத் தளத்தின் மேல் இறக்கினார்கள். ஏகாம்பரம் உருளையால் தேய்த்துக் குமிழ்களை வெளியேற்றினார். மாசிலாமணி ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏகா, அன்னிக்கு…"

"முதல்ல அந்தக் குமிழை அமுக்கு. உன் பெருவிரலுக்குப் பக்கத்துல."

அமுக்கினார். அடுத்த அடுக்கு விரித்தார்கள். அதற்கு மேல் இன்னொன்று, இன்னும் அகலமாக, தேய்த்த ஓரம் முழுவதும் மூடுகிற மாதிரி. மேஸ்திரி கலக்கிக் கலக்கிக் கொடுத்தார். உருளை போகும் சத்தம் மட்டும் கேட்டது. வாளி காலியானபோது மூன்று பேருக்கும் முதுகு நனைந்திருந்தது.

மாசிலாமணி படகின் விளிம்பைப் பிடித்தபடி சொன்னார்: "அன்னிக்கு நான் தூங்கிட்டேன்டா."

"தெரியும்."

"உன் வீட்டுத் தெரு வரைக்கும் எத்தனையோ தடவை வந்தேன்."

"உள்ள வர்றதுக்கு என்ன?"

மாசிலாமணி ஏகாம்பரத்தின் காலைப் பார்த்தார். "என்னைப் பாத்தா நீ எந்திரிச்சுருவ. உன் பழக்கம் அது. அந்தக் கால வச்சுக்கிட்டு நீ எனக்காக எந்திரிக்கிறத என்னால பாக்க முடியாதுடா."

ஏகாம்பரம் உருளையைத் துணியில் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

மாசிலாமணியின் கண் கீழே கிடந்த பைப் மேல் விழுந்தது. "அந்தக் கைப்பிடியத் தூக்கிக் கடல்ல போட்டுடுங்க மேஸ்திரி. அதாலதான் இவ்வளவும்."

மேஸ்திரி ஏகாம்பரத்தைப் பார்த்தார்.

"கிடக்கட்டும்" என்றார் ஏகாம்பரம். "காஞ்சப்புறம் நானே போடுறேன். உனக்குத் துளை போடத் தெரியாது."

மாசிலாமணி சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு படகிலிருந்து இறங்கி ஏகாம்பரத்துக்குக் கை கொடுத்தார். ஏகாம்பரம் ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தார். பிடித்துக்கொண்டு இறங்கினார்.

மாசிலாமணி டீ வாங்கி வரப் போனார். நடுரோட்டில் கிடந்த செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார்.

ஏகாம்பரம் படகின் பக்கத்திலேயே நின்றார். மேஸ்திரி வாளியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி."

"சொல்லுங்கண்ணே."

"கூப்பிட்டேன். வந்தான். சொல்ல வேண்டியதச் சொல்லிட்டான். நானும் கேட்டுக்கிட்டேன்." அவர் தன் நெஞ்சைத் தடவினார். "ஆனா இங்க இன்னும் அப்படியேதான் இருக்கு. கோவம் போகல. அப்ப நான் செஞ்சது பொய்யா?"

சொல்லிக்கொண்டே, புதிதாக ஒட்டிய தளத்தை அழுத்திப் பார்க்கக் கையைக் கொண்டுபோனார்.

மேஸ்திரி அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டார்.

"இன்னும் காயலண்ணே. இன்னிக்கு அதை அமுக்காதீங்க."